பாலிசி ஹெச்.ஆர். கையில், பர்மிஷன் சூப்பர்வைசர் கையில்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். திருவொற்றியூரில் வீடு, எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மனைவிக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. மூன்று வயதில் ஒரு பையன். அவர் கம்பெனியில் இப்போது 'ஊழியர் குடும்ப நலத் திட்டம்' என்று ஒன்றை அறிவித்திருக்கிறார்களாம். (பெயரைக் கேட்டதும் எனக்குக் கருத்தடை முகாம்தான் ஞாபகம் வந்தது. வேறு பெயர் வைத்திருக்கலாம்.) "கம்பெனி கைகொடுத்தால் வீடும் வேலையும் உண்மையிலேயே ஒத்துப்போகுமா, இல்லை இதெல்லாம் நோட்டீஸ் போர்டுக்கு மட்டும்தானா?" என்பது அவர் கேள்வி.

ஒத்துப்போகும், தம்பி. கண்ணால் பார்த்திருக்கிறேன். போர்டில் ஒட்டியதோடு நின்றுபோனதையும் அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். மணலியிலும் திருவொற்றியூரிலுமாக 23 வருஷம் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தவள் நான். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தொழிற்சாலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அந்தப் புண்ணியத்தில் கிடைத்த வேலை. அத்தனை வருஷத்தில் எனக்குத் தேறிய விஷயம் ஒன்றுதான்: ஒரு சலுகையைக் கேட்கப் போகிறவர் கூனிக்குறுகிப் போய் நிற்க வேண்டியிருந்தால் அந்தச் சலுகை இருந்தும் இல்லாததுதான். கூனிக்குறுக வைப்பதும் வைக்காததும் எம்.டி. கையில் இல்லை, லைனில் நிற்கிற சூப்பர்வைசர் கையில் இருக்கிறது.

முதலில் ஒரு போன் கதை. எங்கள் கம்பெனியில் செல்போனை கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, அசெம்பிளி லைனில் இருந்த ஒரு பெண்ணின் போனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு தடவை அழைப்பு. பையனுக்கு வாந்தி, காய்ச்சல். மதியம் இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோதுதான் அவள் பார்த்தாள். அதற்குள் பக்கத்து வீட்டு ஆயா போய்ப் பையனைக் கூட்டி வந்து, ரசம் சாதம் ஊட்டித் தூங்கவும் வைத்துவிட்டார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த ஒரு மாதம் அவள் மணிக்கொரு தடவை பாத்ரூம் என்று சொல்லிவிட்டு கேட்டுக்கு ஓடினாள். செக்யூரிட்டியிடம் கெஞ்சிப் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடி வருவாள். அவளுடைய சூப்பர்வைசர் என்னிடம் வந்து ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "மேடம், அந்தப் பொண்ணுக்கு கிட்னியில ஏதோ பிரச்சினை போலிருக்கு, ஈ.எஸ்.ஐ.க்கு அனுப்பிப் பாருங்க."

கிட்னி நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் செய்தது இவ்வளவுதான். கேட்டில் இருந்த லேண்ட்லைன் எண்ணைத் துண்டுச் சீட்டில் ஜெராக்ஸ் போட்டு எல்லோருக்கும் கொடுத்து, பிள்ளையின் ஸ்கூல் டைரியில் ஒட்டச் சொன்னோம். செக்யூரிட்டி மேஜையில் ஒரு நோட்டு வைத்தோம். அழைப்பு வந்தால் நேரம், பெயர், லைன் நம்பர் எழுத வேண்டும். பத்து நிமிஷத்துக்குள் லைன் லீடர் கைக்குச் சீட்டு போக வேண்டும். முதல் மாதம் ஒன்பது அழைப்புகள் வந்தன. அதில் இரண்டு, 'பீரோ சாவி எங்கே' என்று மாமியார்கள் கேட்டது. சரி, போகட்டும். அந்தப் பெண் ஓடுவதை நிறுத்திவிட்டாள். போன் வரவே இல்லையென்றாலும், வந்தால் தனக்குத் தெரியும் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இதைப் பற்றிப் படித்தவர்கள் எழுதியதையும் சொல்லிவிடுகிறேன். 1985-இல் கிரீன்ஹவுஸ், பியூட்டெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், வேலைக்கும் வீட்டுக்கும் நடக்கிற இழுபறியை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று நேரம்: ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இரண்டாவது அலுப்பு: உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டாலும் மனசு லைனிலேயே நிற்பது, அல்லது மனசு வீட்டிலேயே இருக்க உடம்பு மட்டும் லைனில் நிற்பது. மூன்றாவது நடத்தை: வேலையில் செல்லுபடியாகிற சுபாவம் வீட்டில் செல்லுபடியாகாது. நாள் முழுக்க 'டேய், அங்க என்னடா வேடிக்கை' என்று கத்திப் பழகிய ஃபோர்மேன் வீட்டிலும் அதே குரலில் தண்ணீர் கேட்பார். கேன்டீன் கணக்கை யார் தப்பாகச் சொன்னாலும் சிரிக்கிற மனிதர், மகள் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டால் மட்டும் கை ஓங்குவார். கம்பெனிகள் கொடுக்கும் சலுகைகள் பெரும்பாலும் முதல் வகையைத்தான் தொடுகின்றன. போன் கதை இரண்டாவது வகை. மூன்றாவதை யாரும் தொடுவதே இல்லை.

நேரம் என்று எடுத்துக்கொண்டால், வட சென்னையில் அது கடிகாரத்தில் மட்டும் ஓடுவதில்லை. விடியற்காலை அடிபம்பில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, லாரி எந்த நாள் வருகிறது, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் எவ்வளவு நேரம் மூடிக் கிடக்கிறது, எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் எதுவரை வரிசை கட்டி நிற்கின்றன என்பதிலெல்லாமும் ஓடுகிறது. பத்து நிமிஷ வழி சில நாள் ஒரு மணி நேரத்தைத் தின்னும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டதும், அதே வருஷம் மே மாதம் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்து இலவசமானதும், எந்த ஹெச்.ஆர். திட்டத்தைவிடவும் அதிகமாக எங்கள் பெண்களுக்கு உதவின என்பது என் கணிப்பு. ஆனால் மணலிக்கு உள்ளே மெட்ரோ போகாது. அங்கே கம்பெனி பஸ்தான். அதனால் 'பதினைந்து நிமிஷம் கிரேஸ் டைம், கண்டெய்னர் வரிசையில் பஸ் மாட்டினால் லேட் போடக் கூடாது' என்று ஒரு விதி போட்டால், அது இந்தப் பக்கத்தில் யோகா வகுப்பைவிடப் பெரிய குடும்ப நலத் திட்டம். யோகா வகுப்பும் வைத்தார்கள், ஷிப்ட் முடிந்த பிறகு. பஸ்ஸை விட்டுவிட்டு யார் யோகா செய்வார்கள்?

இந்த நேரச் சண்டை வட சென்னைக்குப் புதிதும் இல்லை. என் அப்பா பெரம்பூர் மில்லில் இருந்தவர். பேப்பரில் பி அண்ட் சி மில் என்று எழுதுவார்கள், ஓட்டேரிக்காரர்களான எங்களுக்கு அது பின்னி மில். மில் சங்கு ஊதுவதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நான் தூக்குச் சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போவேன். அப்பா பாதியை நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி. வாடியா, துணைக்குத் திரு.வி.க., ஓடியாடி வேலை பார்த்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். கூலி ஒரு பக்கம் இருக்க, மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பதும் அன்றைக்குப் பெரிய குறை. நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்தியது, குடியிருப்பு கட்டிக் கொடுத்தது. ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட நேரம் கேட்டபோது முகம் சுளித்தது. பார்வைக்கு நன்றாக இருப்பதைக் கொடுப்பார்கள், கேட்பதைக் கொடுக்க யோசிப்பார்கள். இதை நான் வேலைக்கு வந்த பிறகும் பார்த்தேன்.

குழந்தைகள் காப்பகம் அதற்கு நல்ல உதாரணம். மகப்பேறு சலுகைச் சட்டத்தை 2017-இல் திருத்தினார்கள். சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது (ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருந்தால் 12 வாரம்தான்). 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றும் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களெல்லாம் நான்கு தொகுப்புகளுக்குள் போய்விட்டன. 26 வாரமும் 50 பேர் கணக்கும் அவற்றிலும் இருக்கின்றன. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு என்பது அதற்கும் முன்பே இருந்த உரிமை. இதை நான் சொன்னபோது லைனில் பாதிப் பெண்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

எங்கள் இடத்திலும் காப்பகம் திறந்தார்கள். சுவரில் யானை, பலூன், இரண்டு தொட்டில், ஒரு பிளாஸ்டிக் சறுக்கு மரம், ஒரு ஆயா. ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்தார்கள். மூன்று மாதத்தில் வந்த பிள்ளைகள் இரண்டு. 'வசதி செஞ்சு குடுத்தா வர மாட்டேங்கறாங்களே' என்று நிர்வாகத்துக்கு ஒரே வருத்தம். நான் கேன்டீனில் உட்கார்ந்து ஒவ்வொரு தாயாகக் கேட்டேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆறு மணிக்கு. பஸ் தேரடிக்கு 5.10-க்கு வரும். தூங்குகிற பிள்ளையை நாலரைக்கு எழுப்பித் தூக்கிக்கொண்டு வந்தாலும், பஸ்ஸில் குழந்தைகளை ஏற்றக் கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு, இன்சூரன்ஸ் காரணம். இன்னொன்றையும் ஒருத்தி சொன்னாள், அதை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. "மேடம், நாங்க எட்டு மணி நேரம் இந்தக் காத்தை இழுக்கறது போதாதா? கைக்குழந்தையையும் மணலிக்குள்ள தூக்கிட்டு வரணுமா?"

அவர்கள் கேட்டது வேறு. பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை ஜெனரல் ஷிப்ட், அதாவது வழக்கமான பகல் நேர வேலை, போட்டால் போதும், பிள்ளையை வீட்டுப் பக்கத்திலேயே யாரிடமாவது விட்டுவிட்டு வந்துவிடுவோம் என்றார்கள். ஆறு மாதம் சோதனையாகச் செய்து பார்த்தோம். ரிலீவர் போடுவதில் கொஞ்சம் தலைவலி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 26 வாரம் முடிந்து திரும்பி வருகிறவர்கள் ஒரு மாதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது அதற்கு முன்பு வழக்கமாக இருந்தது. அது குறைந்தது. விடுப்பு கொடுப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. 27-ஆவது வாரத்தில் அவள் எந்த ஷிப்டுக்கு வருகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூடவே ஒரு கசப்பு. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு, அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு, அந்த 26 வாரப் பணத்தை ஈ.எஸ்.ஐ. கொடுத்துவிடும். அதற்கு மேல் வாங்குகிற பெண்ணுக்கு முதலாளிதான் கொடுக்க வேண்டும். அதனால் சின்னக் கம்பெனிகளில் இன்டர்வியூவிலேயே 'கல்யாணம் எப்போ, குழந்தை பிளான் என்ன' என்று கேட்கிறார்கள். கேட்கக் கூடாது. கேட்கிறார்கள். உதவி செய்யச் சொன்ன சட்டமே வாசலை அடைக்கிற காரணமாகவும் ஆகிவிடுகிறது.

இப்போது சூப்பர்வைசர் விஷயம். இதுதான் என் பதிலின் நடுப்பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டாமி ஆலன் என்ற ஆய்வாளர் 2001-இல் எழுதியதன் சாரம்: சலுகைகள் எத்தனை இருக்கின்றன என்பதைவிட, 'இந்த இடம் என் குடும்பத்தை ஒரு பொருட்டாக நினைக்கிறது' என்ற எண்ணம் ஊழியருக்கு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. சலுகையின் பலன்கூட அந்த எண்ணத்தின் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. எலன் காசெக்கும் மற்றவர்களும் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொதுவாக நல்லவராக இருக்கிற மேலாளரைவிட, குடும்ப விஷயத்தில் குறிப்பாகக் கைகொடுக்கிற மேலாளர் இருந்தால்தான் இந்த இழுபறி அதிகமாகக் குறைகிறது என்று தெரிந்தது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. எங்களிடம் ஒரு சூப்பர்வைசர் இருந்தார், தங்கமான மனிதர், தீபாவளிக்குத் தன் காசில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தருவார். ஆனால் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டால் ஒன்றும் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் கேட்டவர் 'பரவாயில்ல சார், சாயங்காலம் பாத்துக்கறேன்' என்று திரும்பி வந்துவிடுவார். பர்மிஷன் மறுக்கப்பட்டதாகப் பதிவே இருக்காது.

அவருக்கு நேர் எதிராக இன்னொருவர். வாய் ரொம்ப மோசம், பேசினால் காது கூசும். ஆனால் ஒவ்வொருவர் வீட்டு நிலவரமும் அவருக்கு மனப்பாடம். யாருக்கு டயாலிசிஸ் போகிற அப்பா, யார் பிள்ளை பத்தாவது, யார் வீட்டில் கைக்குழந்தை எல்லாம் தெரியும். ஏப்ரல் மாத ரோஸ்டர் போடும்போதே பத்தாவது பரீட்சை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அவர் செக்‌ஷனில் திடீர் லீவு குறைவு. காரணம் எளிது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த ஆள் முன்கூட்டியே கேட்கிறான். கிடைக்காது என்று தெரிந்த ஆள் காலையில் போனை ஆஃப் செய்துவிடுகிறான்.

பயிற்சி கொடுத்தால் சூப்பர்வைசர்கள் மாறுவார்களா? கொஞ்சம் மாறுவார்கள். லெஸ்லி ஹேமரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் சில மளிகைக் கடைகளில் மேற்பார்வையாளர்களுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2011-இல் வந்தது. வீட்டுச் சுமை அதிகம் இருந்த ஊழியர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. சுமை குறைவாக இருந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கல்யாணமாகாத பையன்கள் 'அவங்களுக்கு மட்டும் ஏன் ஜெனரல் ஷிப்ட், நாங்க என்ன இளிச்சவாயனா?' என்று என்னிடம் வந்து நின்றது அப்போது ஞாபகம் வந்தது. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. தாய்மார்கள் விட்டுப்போன நைட் ஷிப்டை இவர்கள் தலையில் கட்டியிருந்தார்கள். பிறகு நைட்டுக்குத் தனிப் படி வாங்கிக் கொடுத்தோம், முணுமுணுப்பு பாதியானது.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கிற பெண்களுக்கு ஜெனரல் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்ற பேச்சே கிடையாது. ஊருக்கு ஞாயிறு லீவு என்றால் அவர்களுக்கு ஞாயிறுதான் உச்சம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்றால் வாராந்திர லீவையும் மறந்துவிட வேண்டியதுதான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது, கேரளம் அதற்கு மூன்று வருஷம் முன்பே செய்தது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நின்ற கால் வீட்டுக்கு வந்து அடுப்படியில் மறுபடி நிற்க வேண்டும். அங்கே பிள்ளை மேல் விழுகிற எரிச்சலில் பாதி கால் வலிதான்.

துணிக்கடை என்பதால் இதையும் சொல்கிறேன். அமெரிக்காவில் 'கேப்' என்ற துணிக்கடை நிறுவனத்தின் கடைகளில், ஜோன் வில்லியம்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஊழியர்களின் வேலை நேரத்தை நிலையாக்கிப் பார்த்தார்கள். இரண்டு வாரம் முன்கூட்டியே அட்டவணை என்பது எல்லாக் கடைகளுக்கும் வந்தது. அதற்கு மேல், சில கடைகளில் மட்டும் வாரா வாரம் மாறாத ஷிப்ட் நேரம், ஊழியர்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஒரு செயலி என்று சில மாற்றங்கள் செய்தார்கள். முடிவு 2018-இல் வெளியானது. மாற்றம் செய்த கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது. ஊழியர்களுக்குத் தூக்கமும் சற்று மேம்பட்டது. சம்பள உயர்வும் இல்லை, கூடுதல் லீவும் இல்லை. நாளை மறுநாள் எங்கே இருப்போம் என்பது முன்பே தெரிந்தது, முக்கியமாக அதுதான். என்னிடம் யாராவது ஒரே ஒரு சலுகையை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் 'நாளை செகண்ட் ஷிப்ட், கட்டாயம்' என்று வருகிற மெசேஜ் ஒன்றே போதும், ஒரு வீட்டின் அடுத்த நாள் காலி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்த பக்கத்து வீட்டம்மாவிடம் எத்தனை தடவைதான் மாற்றி மாற்றிச் சொல்வது? நாலாவது தடவை அவர் கதவைத் திறக்க மாட்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவெல்லாம் தண்ணீர் நின்றதே, அப்போது எனக்குத் தெரிந்த இரண்டு கம்பெனிகள் நடந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒன்று, முதல் நாள் ராத்திரியே 'வர முடியாதவர்கள் வர வேண்டாம், லீவு கழியாது' என்று தகவல் கொடுத்தது. இன்னொன்று வாயே திறக்காமல் இருந்துவிட்டு, மாதக் கடைசியில் மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்தது. பிடித்த தொகை பெரிதில்லை. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வந்த நாளில் இந்த இடம் எனக்கு என்ன செய்தது என்பதை மனிதர்கள் வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

ஆண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அதனால் சந்தோஷம். எங்கள் ஃபிட்டர் ஒருவருக்கு ஒரே பாட்டி மூன்று தடவை செத்துப் போனார். மூன்றாவது தடவை நான் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். மனைவிக்கு இரண்டாவது பிரசவம், மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் விட ஆள் இல்லை. 'அதைச் சொல்ல வேண்டியதுதானே?' என்றால், 'சொன்னா, வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லையான்னு கேப்பாங்க மேடம்' என்றார். உண்மை. செத்த பாட்டிக்குக் கிடைக்கிற லீவு உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. மத்திய அரசு ஊழியரான ஆணுக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. தனியாரில் அப்படிச் சட்டமே இல்லை, கம்பெனி மனசு வைத்தால்தான். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரி 299 நிமிஷம், செய்கிற ஆண்கள் 97 நிமிஷம் என்று வந்தது. அதிலும், 'செய்கிற ஆண்கள்' என்பது நான்கில் ஒரு பங்கு சொச்சம்தான். ஆகவே, உங்கள் கம்பெனி உங்களுக்குக் கொடுக்கிற ஒரு மணி நேரம் உண்மையில் உங்கள் மனைவிக்குக் கிடைக்கிற ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் நீங்கள் டீக்கடைக்குப் போகாமல் இருந்தால்.

கான்ட்ராக்ட் ஆட்களைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மேலே சொன்ன ஜெனரல் ஷிப்டு, கிரேஸ் டைம், காப்பகம் எல்லாம் எங்களிடம் பர்மனென்ட் ஆட்களுக்குத்தான் கிடைத்தன. துறைமுகத்திலும் சுற்றியுள்ள ஆலைகளிலும் வட சென்னைப் பையன்கள் நிறையப் பேர் கான்ட்ராக்டில்தான் போகிறார்கள். வராத நாளுக்குக் கூலி இல்லை, மூன்று நாள் வராவிட்டால் வேறு ஆள். அவர்களுக்கு 'ஒர்க் லைஃப் பேலன்ஸ்' என்று வகுப்பு எடுக்கப் போன ஒருவரை என் கண்ணெதிரே சிரித்தே அனுப்பிவிட்டார்கள். சம்பளம் போதாத இடத்தில் ஓ.டி. பார்த்துதான் ஆக வேண்டும், ஓ.டி. பார்த்தால் வீட்டில் இருக்க முடியாது. இந்த முடிச்சை எந்தச் சூப்பர்வைசரின் நல்ல மனசும் அவிழ்க்காது. கூலி உயர வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. 'நாம எல்லாம் ஒரே குடும்பம்' என்று மேடையில் சொல்கிற நிர்வாகத்திடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். குடும்பத்தில் ஓ.டி.க்குக் கணக்குக் கேட்பதில்லை அல்லவா, அதற்காகவும் சிலர் அப்படிச் சொல்வார்கள்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்று உங்கள் ஹெச்.ஆர். கேட்டால், சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். சுமார் 1,600 ஊழியர்களில் ஒரு பாதிப் பேரை வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலையின் தரம் குறையவில்லை. நிக்கோலஸ் ப்ளூமும் மற்றவர்களும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு. 'அது கம்ப்யூட்டர் வேலை, நம்ம லேத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா?' என்று பதில் வரும். முடியாதுதான். ஆனால் போன ஆளுக்குப் பதில் புது ஆளை எடுத்துப் பழக்குகிற செலவு லேத்திலும் ஒன்றுதான். அதை அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? புதுத் திட்டத்தின் முழுப் பட்டியலையும் வாங்கிப் படியுங்கள். ஆனால் அதில் உள்ளதைக் கேட்டுக்கொண்டு ஹெச்.ஆர். அறைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் செக்‌ஷனில் பிள்ளை உள்ள நாலைந்து பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் போங்கள். தனியாகப் போனால் சலுகை கேட்பது போல் இருக்கும், சேர்ந்து போனால் ஏற்பாடு கேட்பது போல் இருக்கும். காப்பகம், யோகா எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அடுத்த இரண்டு வார ரோஸ்டரை முந்தின வியாழக்கிழமையே ஒட்டச் சொல்லுங்கள். அது கைக்கு வந்ததும் ஒரு போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்புங்கள். அவர் கடை லீவையும் அதில் குறித்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். அப்புறம் கேட் லேண்ட்லைன் நம்பரைப் பையனின் ப்ளே ஸ்கூலில் கொடுத்துவிட்டு, செக்யூரிட்டி மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கி வையுங்கள்.